சிறு பலகையில் நிரலேற்றும் கலை

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி)

அறிவியல் இன்று நம் வீட்டுச் சமையலறை வரை வந்துவிட்டது. சலவை இயந்திரம் துணியைத் துவைத்து முடித்ததும் தானே நிற்கிறது. மின்னடுப்பு சூடு மிகுந்ததும் தானே தணிகிறது. இவற்றிற்கு நேரம் பார்க்கவும், சூடு அறியவும், நிறுத்தவும் கற்றுக்கொடுத்தவர் யார்? இவற்றினுள் விரல் நகம் அளவே உள்ள ஒரு சில்லு இருக்கிறது. அதனுள் யாரோ எழுதி ஏற்றிய கட்டளைகள் இருக்கின்றன. அச்சில்லை மைக்ரோகண்ட்ரோலர் என்றும், தமிழில் நுண்கட்டுப்படுத்தி என்றும் வழங்குவர்.

பிறர் எழுதிய கட்டளைப்படி இயங்கும் பொருள்களை வாங்கிப் பயன்படுத்துவது எளிது. அக்கட்டளைகளை நாமே எழுதி, நாமே ஏற்ற முடியுமா? முடியும். பள்ளி மாணவியராகிய நம்மாலும் முடியும். பெரும் பொருட்செலவின்றியும், பிறர் பொருளைக் களவாடாமலும் முடியும். அவ்வாறு செய்யும் முறையை இக்கட்டுரையில் படிப்படியாகக் காண்போம்.

சில்லும் பலகையும்

நுண்கட்டுப்படுத்தி என்பது ஒரு முழுக் கணிப்பொறியின் சுருங்கிய வடிவம் எனலாம். கணக்கிடும் பகுதி, நினைவகம், வெளியுலகோடு தொடர்புகொள்ளும் கால்கள் ஆகிய மூன்றும் ஒரே சில்லில் அமைந்திருக்கும். ஆனால் வெறுஞ்சில்லை வைத்துக்கொண்டு தொடக்க மாணவியர் ஏதும் செய்ய இயலாது. அதற்கு மின்சாரம் தரவேண்டும், கணிப்பொறியோடு இணைக்கவேண்டும், கால்களைக் கம்பிகளோடு சேர்க்கவேண்டும். இவ்வசதிகளை எல்லாம் ஒரு சிறிய தகட்டில் அமைத்துத் தருவதே பலகை. இவற்றுள் உலகெங்கும் மாணவர் கைகளில் அதிகம் புழங்குவது ஆர்டுயினோ ஊனோ என்னும் பலகையாகும்.

ஊனோ பலகையின் மூன்றாம் பதிப்பில் உள்ள சில்லின் பெயர் ஏடிமெகா 328பி. அது நொடிக்கு 1 கோடியே 60 இலட்சம் துடிப்புகளோடு இயங்குகிறது. நிரலைச் சேமிக்க 32 கிலோபைட் இடமும், வேலை செய்யும்போது குறித்துக்கொள்ள 2 கிலோபைட் இடமும் அதில் உள்ளன. நாம் கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம்கூட இதற்குள் அடங்காது. ஆயினும் ஒரு விளக்கை ஏற்றி அணைக்கவும், வெப்பத்தை அளக்கவும், ஒரு சிறு மோட்டாரை இயக்கவும் இச்சிறிய இடமே போதும். குருவியின் கூடு குருவிக்குப் போதுமன்றோ!

பலகை பிறந்த வரலாறு

இத்தாலி நாட்டில் இவ்ரேயா என்பது ஒரு சிறு நகரம். அங்கிருந்த வடிவமைப்புக் கல்வி நிலையத்தில் எர்னாந்தோ பார்ராகான் என்னும் கொலம்பிய நாட்டு மாணவர் 2003-ஆம் ஆண்டில் தம் முதுநிலை ஆய்வுக்காக ‘வயரிங்' என்னும் பலகையையும் அதற்குரிய மென்பொருளையும் உருவாக்கினார். மின்னணுவியல் படிக்காதவர்களும் எளிதில் கற்கவேண்டும் என்பதே அவர் நோக்கம். அதனை அடியொற்றி, இன்னும் எளிய பலகை ஒன்றை 2005-ஆம் ஆண்டில் மாசிமோ பான்சி முதலியோர் அதே ஊரில் உருவாக்கினர். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியை ஆண்ட ஆர்டுயின் என்னும் மன்னரின் பெயரால் அவ்வூரில் ஒரு விடுதி இருந்தது. அவ்விடுதியின் பெயரே பலகைக்கும் அமைந்தது.

பலகையில் பொருத்தப்பட்ட சில்லின் குடும்பத்திற்கு ஏவிஆர் என்று பெயர். அதுவும் மாணவர்களின் சிந்தனையே. நார்வே நாட்டின் திராந்தைம் நகரில் பயின்ற இரு மாணவர்கள் அதனை முதலில் வடிவமைத்தனர். மாணவப் பருவம் தேர்வு எழுதுவதற்கு மட்டுமே உரியது என எண்ணுவோர் இவ்விரு வரலாறுகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கட்டற்ற மென்பொருள் என்றால் என்ன?

மென்பொருளை மனிதர் படிக்கக்கூடிய சொற்களால் எழுதுவர். அதனை மூலநிரல் என்பர். அது பின்னர் இயந்திரம் மட்டுமே அறியும் எண்களாக மாற்றப்படுகிறது. பல நிறுவனங்கள் எண்களை மட்டும் விற்று, மூலநிரலைப் பூட்டி வைக்கின்றன. பலகாரத்தை விற்பார்கள், பக்குவத்தைச் சொல்லமாட்டார்கள். திறந்த மூல மென்பொருளிலோ பக்குவமும் பலகாரத்தோடு சேர்ந்தே வருகிறது.

அமெரிக்காவைச் சேர்ந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ஆம் ஆண்டில் குனு என்னும் திட்டத்தை அறிவித்து, இக்கொள்கைக்கு ஓர் இயக்கமாக வடிவம் தந்தார். மென்பொருளை எந்நோக்கத்திற்கும் இயக்கும் உரிமை, அதனைப் படித்துத் திருத்தும் உரிமை, பிறருக்கு நகலெடுத்துத் தரும் உரிமை, திருத்தியதைப் பகிரும் உரிமை ஆகிய நான்கும் இதன் தூண்கள். இவ்வகை மென்பொருளைத் தமிழில் ‘கட்டற்ற மென்பொருள்' என வழங்குகின்றனர். இப்பொருளைத் தமிழிலேயே கற்பிக்கும் ‘கணியம்' என்னும் மின்னிதழ் 2012-ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கப்பட்டது.

இங்கே ஒன்றை நாம் கருத்தில் கொள்ளவேண்டும். விலை கொடுக்காமல் கிடைப்பதெல்லாம் கட்டற்ற மென்பொருள் அன்று. விலைக்கு விற்கும் மென்பொருளை உரிமமின்றி நகலெடுத்துப் பயன்படுத்துவோர் நம்மைச் சுற்றிலும் உண்டு. அது களவே ஆகும். “பணம் இல்லையே, என்ன செய்வது?” என்பது அவர்கள் கூறும் காரணம். கட்டற்ற மென்பொருள் இருக்கும்போது அக்காரணத்திற்கு இடமில்லை. இங்கே நகலெடுப்பது குற்றமன்று. எழுதியவரே அளித்த உரிமை. ஏழை மாணவியும் தலைநிமிர்ந்து கற்கலாம்.

ஆர்டுயினோவின் மென்பொருள் இவ்வகையைச் சேர்ந்தது. ஊனோ பலகையின் வரைபடமும் வெளியிடப்பட்டுள்ளது. ஆகவே வேறு பல தயாரிப்பாளர்கள் அவ்வரைபடத்தின்படி பலகை செய்து விற்பது குற்றமாகாது. ‘ஆர்டுயினோ' என்னும் பெயர் மட்டும் வணிகக் குறியாதலால் அதனைப் பிறர் இட்டுக்கொள்ளலாகாது. 2025-ஆம் ஆண்டு அக்டோபரில் க்வால்காம் என்னும் பெரிய சில்லு நிறுவனம் ஆர்டுயினோவை வாங்கப்போவதாக அறிவித்தது. உரிமையாளர் மாறினால் நம் கையிலுள்ள மென்பொருள் என்னாகும் என்னும் ஐயம் எழலாம். கட்டற்ற உரிமத்தின்படி ஏற்கெனவே வெளியிடப்பட்டதை, நாம் அவ்வுரிமத்தின் விதிகளுக்கு உட்பட்டுப் பயன்படுத்தும் வரை, எவரும் திரும்பப் பெற இயலாது. உரிமத்தைக் கவனித்துப் படிப்பது ஏன் தேவை என்பது இதனால் விளங்கும்.

கணிப்பொறியில் நிறுவுதல்

முதலில் நமக்கு ஒரு கணிப்பொறி வேண்டும். புதியதாக இருக்கவேண்டும் என்பதில்லை. தமிழக அரசு 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பெற்ற கணினிகள் பல இல்லங்களில் அக்காமாரின் அலமாரிகளில் உறங்குகின்றன. அவற்றுள் பலவற்றில், சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய ‘பாஸ்' என்னும் லினக்ஸ் இயங்குதளம் இருந்தது. அத்தகைய பழைய கணினியே இப்பணிக்குப் போதும்.

அடுத்து ஆர்டுயினோவின் எழுதுகருவியைப் பெறவேண்டும். இதில் இரு வகைகள் உள்ளன. புதிய இரண்டாம் வகை பார்வைக்கு அழகானது. பிழைகளை உடனே சுட்டிக்காட்டும். ஆனால் அது முதன்முறை திறக்கும்போது வேண்டிய கருவிகளை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்கிறது. பழைய வகையின் கடைசிப் பதிப்பு 1.8.19 ஆகும், 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது. ஊனோ பலகைக்கு வேண்டியவை அனைத்தும் அதனுள்ளேயே கட்டி வைக்கப்பட்டுள்ளன.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறிவரும் நம் மலையில், பனியும் மழையும் சேர்ந்துவிட்டால் இணையம் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல இயலாது. தலைச்சோலை போன்ற உட்பகுதி ஊர்களில் வாழும் தோழியர் இதனை நன்கறிவர். அத்தகையோர் ஊருக்குள் ஒருமுறை 1.8.19 பதிப்பை இறக்கி, ஒரு பென் டிரைவில் எடுத்துச் சென்றால் போதும். அதன்பின் இணையமே வேண்டியதில்லை. ஒரு தோழியின் பென் டிரைவிலிருந்து மற்றொரு தோழியின் கணினிக்கும் ஏற்றலாம். உரிமமே அதற்கு இடம் தருகிறது.

நிறுவும் படிகள் வருமாறு:

1. இறக்கிய பொதியைக் கணினியில் ஒரு கோப்புறையில் விரித்துக்கொள்க.
2. எழுதுகருவியைத் திறக்க.
3. பலகையை யூஎஸ்பி கம்பியால் இணைக்க. பலகையின் பச்சை விளக்கு எரியும்.
4. ‘கருவிகள்' பட்டியலில் பலகையின் பெயராக ஊனோவைத் தேர்க.
5. அதே பட்டியலில், பலகை இணைந்துள்ள வாயிலைத் தேர்க.
6. எடுத்துக்காட்டுகளுள் ‘பிளிங்க்' என்னும் நிரலைத் திறக்க.
7. வலப்பக்கம் நோக்கும் அம்புக்குறியை அழுத்துக.

சில நொடிகளில் பலகையின் மீதுள்ள சிறு விளக்கு ஒரு நொடி எரிந்து, ஒரு நொடி அணைந்து, மீண்டும் எரியும். அது மின்மினி போல் கண்சிமிட்டத் தொடங்கினால் நிரல் ஏறிவிட்டது என்று பொருள்.

அம்புக்குறியை அழுத்தியபின் நடப்பது என்ன?

இதனை அறியாது அழுத்துவது, பொருள் அறியாது மனப்பாடம் செய்வதற்கு ஒப்பாகும். ஆகவே சற்று உள்ளே சென்று பார்ப்போம்.

முதலில், நாம் எழுதிய சொற்களை ஜிசிசி என்னும் மொழிமாற்றி எண்களாக மாற்றுகிறது. இதுவும் குனு திட்டத்தில் பிறந்த கட்டற்ற மென்பொருளே. பிறகு ஏவிஆர்டியூட் என்னும் மற்றொரு நிரல் அவ்வெண்களைக் கம்பி வழியே அனுப்பத் தொடங்குகிறது. அனுப்புமுன் அது பலகையிலுள்ள சில்லை ஒருமுறை தட்டி எழுப்புகிறது. அதாவது, மீளத்தொடங்கச் செய்கிறது.

சில்லின் நினைவகத்தில் ஒரு மூலையில் ‘பூட்லோடர்' என்னும் சிறு நிரல் எப்போதும் இருக்கிறது. அதனை வாயிற்காவலர் எனலாம். சில்லு விழித்தவுடன் அக்காவலர் சிறிது நேரம் வாயிலில் காத்து நிற்பார். புதிய நிரல் வந்தால் வாங்கி உள்ளே அடுக்குவார். எதுவும் வரவில்லை எனில், முன்பே உள்ள நிரலை இயங்கவிடுவார்.

நிரல் பக்கம் பக்கமாகச் செல்கிறது. ஒரு பக்கத்திற்கு 128 பைட்டுகள். எல்லாப் பக்கங்களும் எழுதப்பட்டபின், எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும் பணியும் நடைபெறுகிறது. கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். மொத்த இடம் 32 × 1024 = 32,768 பைட்டுகள். காவலர் எடுத்துக்கொள்வது 512. எஞ்சுவது 32,256. ‘பிளிங்க்' நிரலின் அளவு ஏறத்தாழ 924 பைட்டுகள். அதனை 128-ஆல் வகுத்தால் 7 பக்கங்கள் நிரம்பி, எட்டாம் பக்கத்தில் சிறிது செல்கிறது. மொத்த இடத்தில் நூற்றுக்கு மூன்று பங்குகூட நிரம்பவில்லை! எழுதுகருவியின் அடிப்பகுதியில் 32,256 என்னும் எண் தோன்றும்போது, அது எங்கிருந்து வந்தது என்பது இனி நமக்கு விளங்கும்.

இச்சில்லின் நினைவகத்தைச் சுமார் 10,000 முறை அழித்து எழுதலாம் என்பது அதன் தயாரிப்பாளர் தரும் உறுதி. நாள்தோறும் பத்து முறை எழுதினாலும் 1,000 நாள்கள் ஆகும். ஆதலால் எழுதிப் பார்க்க அஞ்சவேண்டியதில்லை.

இடர்களும் தீர்வுகளும்

நிரல் ஏறவில்லை எனில் மனம் தளரவேண்டா. காரணங்கள் பெரும்பாலும் இந்நான்கனுள் ஒன்றாகவே இருக்கும்.

முதலாவது, கம்பி. கைப்பேசிக்கு மின்னூட்ட மட்டுமே பயன்படும் கம்பிகள் சில உண்டு. அவற்றில் செய்தி செல்லும் இழைகள் இரா. பலகையின் விளக்கு எரியும். ஆனால் கணினி அதனை அறியாது. கம்பியை மாற்றிப் பார்க்கவேண்டும்.

இரண்டாவது, வாயில். பலகையைக் கழற்றிவிட்டுப் பட்டியலைப் பார்க்கவேண்டும். மீண்டும் இணைத்துப் பார்க்கவேண்டும். புதிதாகத் தோன்றும் பெயரே பலகையின் வாயில்.

மூன்றாவது, இயக்கி. விலை குறைந்த பலகைகள் பலவற்றில் சிஎச் 340 என்னும் இணைப்புச் சில்லு இருக்கும். விண்டோஸ் கணினியில் அதற்குரிய இயக்கியைத் தனியே நிறுவ நேரலாம். லினக்ஸில் அது பெரும்பாலும் முன்பே அமைந்திருக்கும்.

நான்காவது, அனுமதி. லினக்ஸ் கணினியில் வாயிலைத் திறக்கப் பயனருக்கு உரிமை வேண்டும். ‘டயல்அவுட்' என்னும் குழுவில் நம் பெயரைச் சேர்த்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைந்தால் அவ்வுரிமை கிட்டும்.

மலைக்கு ஏற்ற வெப்பமானி

கண்சிமிட்டும் விளக்கோடு நின்றுவிடாமல், பயனுள்ள ஒன்றைக் காண்போம். நம் மலையில் 1820-களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் அறிமுகம் செய்த காபி இன்றும் பல குடும்பங்களுக்குச் சோறிடுகிறது. பழத்தைத் தோலுரித்தபின், கொட்டையின் மேலுள்ள வழவழப்பு நீங்கத் தொட்டியில் புளிக்க வைப்பர். குளிர் மிகுந்தால் புளிக்கும் நேரமும் மிகும். நம் தாய்மாரும் தந்தைமாரும் கொட்டையைக் கையால் தேய்த்துப் பார்த்தே பதம் அறிவர். அந்தக் கைக்கு ஈடாக எந்த இயந்திரமும் இல்லை. ஆயினும் நள்ளிரவில் தொட்டி எவ்வளவு குளிர்ந்தது என்பதை, உறங்காமல் விழித்திருந்து குறித்துவைக்க ஒரு சிறு பலகையால் இயலும்.

இதற்கு டிஎஸ் 18பி20 என்னும் வெப்ப உணரியைப் பயன்படுத்தலாம். எஃகுக் குழாயில் அடைக்கப்பட்டு, நீர் புகாத வகையில் அது கிடைக்கிறது. மைனஸ் 10 முதல் 85 பாகை செல்சியஸ் வரை அரைப் பாகைக்குள் சரியாகக் காட்டும். 4.7 கிலோ ஓம் மின்தடை ஒன்றும் உடன் வேண்டும். உணரியோடு பேசும் முறையை நாம் புதிதாக எழுதத் தேவையில்லை. ‘ஒன்வயர்' என்னும் நிரல்தொகுப்பை முன்பே ஒருவர் எழுதி, வேறு பலர் திருத்தி, உலகிற்குக் கொடுத்துவிட்டனர். அதன் பொதியைப் பென் டிரைவிலிருந்தே எழுதுகருவியில் சேர்த்துக்கொள்ளலாம்.

வெப்பமானி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, உருகும் பனிக்கட்டியிலும் கொதிக்கும் நீரிலும் வைத்துப் பார்ப்பது வழக்கம். பனிக்கட்டியில் 0, கொதிநீரில் 100 என்று நம் பாடநூல் கூறுகிறது. ஆனால் அந்த 100 கடல்மட்டத்திற்கு உரியது. ஏறத்தாழ 300 மீட்டர் உயர்ந்தால் கொதிநிலை 1 பாகை குறையும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1,500-ஐ 300-ஆல் வகுத்தால் 5. ஆகவே இங்கே நீர் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதிக்கிறது.

கடற்கரை ஊர் ஒன்றில் இருப்பவர் எழுதிய நிரலில், ‘கொதிநிலை 100' என்று ஒரு வரி இருப்பதாகக் கொள்வோம். அதனை அப்படியே இங்கு ஏற்றி, கொதிநீரில் வைத்துச் சரிசெய்தால், பலகை 95-ஐ 100 என்று எண்ணிக்கொள்ளும். பிறகு தொட்டியில் உண்மையில் 20 பாகை இருக்கும்போது 21 என்று காட்டும். உணரியின் மீது பிழையில்லை. எழுதியவர் மீதும் பிழையில்லை. அவர் நம் மலையைக் கண்டதில்லை, அவ்வளவே.

மென்பொருள் பூட்டப்பட்டிருந்தால், அவ்வரி இருப்பதே நமக்குத் தெரியாது. தவறான எண்ணை என்றும் நம்பியிருப்போம். மூலநிரல் திறந்திருப்பதால், அவ்வரியைக் கண்டு 100 என்பதை 95 என மாற்றலாம். இரண்டு எழுத்தே மாற்றம். ஆனால் கருவி நம் மலைக்கு உரியதாகிவிடுகிறது. ஏன் மாற்றினோம் என்னும் குறிப்பை அவ்வரியின் அருகில் தமிழிலேயே எழுதலாம். குறிப்பின் தொடக்கத்தில் இரு சாய்கோடுகள் இட்டால், மொழிமாற்றி அதனைத் தாண்டிச் சென்றுவிடும். அடுத்து வரும் தங்கைமார் படித்துத் தெளிவர்.

நம் நாட்டின் முயற்சிகள்

மென்பொருள் மட்டுமன்றி, சில்லின் வரைபடமே திறந்த நிலையில் அமையும் காலம் இது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி தலைமையில் உருவான ‘சக்தி' என்னும் செயலியின் வடிவமைப்பு எவரும் படிக்குமாறு வெளியிடப்பட்டுள்ளது. 2018-ஆம் ஆண்டில் அதன் சில்லுகளுள் ஒன்று சண்டிகரிலுள்ள நம் நாட்டுத் தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டது. சி-டாக் உருவாக்கிய ‘தேஜஸ் 32' என்னும் சில்லைத் தாங்கிய ‘ஏரீஸ்' பலகைக்கு, மேலே கண்ட ஆர்டுயினோ எழுதுகருவியிலிருந்தே நிரல் ஏற்றலாம். ஒன்றைக் கற்றால் மற்றொன்றும் கைவரும் என்பதற்கு இதுவே சான்று.

2016-ஆம் ஆண்டில் நடுவண் அரசு தொடங்கிய அடல் புத்தாக்கத் திட்டத்தின்கீழ், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயில்வோருக்கெனப் பள்ளிகளில் ஆய்வுக்கூடங்கள் அமைக்கப்படுகின்றன. அவற்றிலும் இத்தகைய பலகைகள் இடம்பெற்றுள்ளன.

முடிவுரை

தோழியரே! தையற்பொறியைப் பழகினோம், வேதியியல் கூடத்தில் அமிலங்களைக் கையாண்டோம். இச்சிறு பலகையும் அவ்வாறே பழகப் பழகக் கைவசமாகும். “பெண்பிள்ளைகளுக்கு இது எதற்கு?” என்று எவரேனும் வினவினால், கண்சிமிட்டும் அச்சிறு விளக்கைக் காட்டுவோம். பெற்றோரே! வீட்டில் பழைய மடிக்கணினி ஒன்று இருப்பின், பழைய பொருள் வாங்குவோரிடம் கொடுக்குமுன் எங்களிடம் கொடுங்கள்.

முகமறியாத பலர் தம் உழைப்பைப் பூட்டாமல் கொடுத்ததனால்தான், மலைமேல் வாழும் நாம் இன்று விலையின்றிக் கற்கிறோம். பெற்றுக்கொண்டவர் கொடுக்கவும் கடமைப்பட்டவர். நாம் கண்ட திருத்தங்களைத் தெளிந்த தமிழில் எழுதி வைப்போம். கேட்பவர்க்கு மறுக்காமல் கொடுப்போம். அதுவே நாம் செலுத்தும் விலையாகட்டும்.